பல் இருக்கிறது, சொல் இல்லை

ருஸ்தாவி கார்ச் சந்தையில், பதினேழாம் வரிசைக்குப் பின்னால்
என் தகரக் கொட்டகை.
ஒரு மடிக்கணினி, ஒரு சாலிடரிங் கம்பி,
தட்டினால் மட்டும் எரியும் ஹீட்டர்.
சாவி தொலைத்தவர்கள் வருவார்கள்.
குடித்துவிட்டு ஆற்றில் எறிந்தவர்கள்,
சாவியே இல்லாத வண்டியை ஏலத்தில் எடுத்தவர்கள்,
விவாகரத்தானவர்கள்.
யாரிடமும் கதை கேட்பதில்லை.
பதிவுப் புத்தகம் மட்டும் கேட்பேன்.

பிப்ரவரியில் சியூரி வந்தாள்,
இழுவை வண்டியின் முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி.
பின்னால் சாம்பல் நிற ஓப்பல்,
அதன் கூரையில் இரண்டு வாரத்துப் பனி.
கையில் புதுப் பித்தளைச் சாவி.
"கடையில் வெட்டிக் கொடுத்தான்.
கதவு திறக்கிறது. சாவி திரும்புகிறது.
இரண்டு நொடி உறுமுகிறது, உடனே
செத்து..."
அந்தச் சொல்லோடு நிறுத்திக்கொண்டாள்.

இந்தச் சாவிக்குப் பல் இருக்கிறது, சொல் இல்லை என்றேன்.
வாடிக்கையாளர்களிடம் வழக்கமாகச் சொல்வதுதான்.
பாதிப்பேர் சிரிப்பார்கள். அவள் சிரிக்கவில்லை.
அதனால் முழுவதும் சொன்னேன்:

அசல் சாவியின் தலைக்குள்
கோதுமை மணியளவு ஒரு சில்லு.
பாட்டரி கிடையாது. எப்போதும் தூக்கம்.
சாவித் துளையைச் சுற்றிச் செம்புச் சுருள் ஒன்று
முணுமுணுக்கும்.
அந்த முணுமுணுப்பே அதற்குச் சோறு.
கூப்பிட்டவன் மூச்சிலேயே விழித்துக்கொள்ளும்.

வண்டி ஓர் எண்ணை வீசும்,
அந்த நொடியில் பிறந்த எண்.
சில்லு அதைத் தன் ரகசியத்தோடு பிசைந்து
விடையைத் திருப்பி அனுப்பும்.
அதே கணக்கை வண்டியும் தன் தலைக்குள் போட்டிருக்கும்.
இரண்டும் ஒத்தால் பெட்ரோல், தீப்பொறி.
ஒத்துவராவிட்டால் அடைத்துவிடும்,
முகப்பில் ஒரு குட்டிச் சாவிப்படம் கண் சிமிட்டும்.
ரகசியம் வாசல் தாண்டுவதே இல்லை.
ஒட்டுக்கேட்கிற திருடனுக்கு
நேற்றைய விடை கிடைக்கும்;
கேள்வியோ இன்றையது.

"அப்படியென்றால் அது
ஜும்பெரின் கோட்டுப் பையில் இருக்கிறது" என்றாள்.
கோட்டைக் கொண்டுவாருங்கள், வேலை சுலபம் என்றேன்.
"அதைப் போட்டுத்தான் புதைத்தோம்."

நான் ஹீட்டரைத் தட்டினேன்.
அது எரிந்துகொண்டுதான் இருந்தது.

கம்பியை மாட்டினேன். திரையில்:
ஐந்து இடங்கள். நிரம்பியது ஒன்று.
"அந்த ஒன்று?"
அவருடையது. முதலில் அதை அழித்துவிட்டு,
பிறகு புதியதைப் பழக்குவோம். அதுதான் முறை.
பழைய சாவி யார் கையிலாவது சிக்கினால்...
"யார் கையில், மல்ஹாஸ்?"

அழிக்காமலும் செய்யலாம்.
முகப்பைக் கழற்ற வேண்டும், பெட்டியைத் திறக்க வேண்டும்,
நினைவுச் சில்லைச் சூடுகாட்டித் தூக்கி
ஒவ்வொரு எழுத்தாகப் படித்து
பக்கத்து இடத்தில் புதியதை எழுத வேண்டும்.
கை நடுங்கினால் வண்டி மொத்தமும் ஊமை.
மூன்று மணி நேரம். இரட்டைக் கூலி.
கூலியைச் சொல்லும்போது குரல் தாழ்ந்தது, ஆனாலும் சொன்னேன்.
பையைத் திறந்து எண்ணி வைத்தாள்.

வேலை நடக்கையில் அவள் பேசவில்லை.
நான்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்:
குன்றின் மேல், ஈரக் கம்பளிக்குள்,
தீர்ந்துபோகப் பாட்டரியே இல்லாத ஒன்று.
இப்போதும் யாராவது பக்கத்தில் போய் முணுமுணுத்தால்
சரியான விடையைச் சொல்லிவிடும்.

ஐந்தே காலுக்கு எஞ்சின் பிடித்தது.
மூன்று நொடி. நான்கு. பத்து.
சாவிப்படம் அணைந்தது.
அவள் முதலாம் இடத்தைத் திரையில் இன்னொருமுறை பார்த்தாள்.
இருக்கிறது என்றேன்.

ஓட்டத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை.
சந்தை வாசலில் வண்டி நின்றது.
மறுபடி பிடித்து மறுபடி நின்றது.
பின்னால் ஹாரன்கள்.
கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து கத்தினேன்,
"கிளட்ச், சியூரி! கிளட்ச்!"