ஏழு மில்லிமீட்டர்

நீலச் சாயத்தைத்தான் ஊற்றுகிறேன்.
மற்ற செல்களெல்லாம் நீலமாகவே கிடக்க
இது ஒன்று மட்டும்
கத்தரிப்பூ நிறத்துக்கு மாறிக்கொள்கிறது.
மாஸ்ட் செல்.
கொழுத்தது என்று பொருள்படும்படி
ஜெர்மன் மொழியில் வைத்த பெயர்.
தின்று தின்று பெருத்ததாக நினைத்துவிட்டார்கள்.
அது தின்னவில்லை,
பதுக்கி வைத்திருக்கிறது.

பொட்டலம் பொட்டலமாய் ஹிஸ்டமின்.
ஒரு செல்லில் எத்தனை என்று எண்ணப் பார்த்தேன் ஒருமுறை,
இருநூற்றில் கண் வலித்து நிறுத்திவிட்டேன்.
மேலே சுற்றிலும் கொக்கிகள்,
ஒவ்வொன்றும் ஒரு பழைய சந்திப்புக்காக வார்த்தது.
அதே ஆள் மறுபடி வந்து
இரண்டு கொக்கியைச் சேர்த்துப் பிடித்தால் போதும்,
விசாரணை கிடையாது.
ஒரு நிமிஷத்தில்
கடை முழுக்கத் தெருவில்.

பதினோரு வருஷமாக இதைப் பார்க்கிறேன்,
புதுச்சேரியில் இரண்டாம் மாடியில்,
எலிகளின் வயிற்றைக் கழுவி எடுத்த நீரில்.
கடலூரில் ஆறே முக்கால் பஸ்.
பெண்ணையாற்றுப் பாலத்தில் கொஞ்சம் காற்று,
கிருமாம்பாக்கம் வரை கொஞ்சம் தூக்கம்.

சனிக்கிழமைகளில் மட்டும் மனிதர்கள்.
அஞ்சலாட்சி என் பட்டியலில் நாற்பத்தொன்று.
முதுநகர், இறால் உரிக்கும் கொட்டகை, ஒன்பது வருஷம்.
திங்கள் தொடங்கும் இழுப்பு
வெள்ளிக்குள் அவளைச் சுவரோடு உட்கார வைத்துவிடும்.
"ஞாயித்துக்கெழமன்னா அதுவும் லீவு போட்டுக்குதும்மா."

ஊதச் சொன்னேன்.
காகிதத்தில் கோடு பாதி ஏறிப் படுத்துக்கொண்டது.
முன்கையில் வரிசையாகக் குத்தினேன்,
நண்டு, வீட்டுத் தூசி, சவுக்குப் பூந்தூள், இறால்.
இறால் துளிக்கடியில் தோல் எழும்பி
ஓரமெல்லாம் கால் விட்டுப் பரவியது.
ஒன்பது மில்லிமீட்டர்.
கொட்டகை வேலையை விட்டுடு என்றேன்,
ஸ்கேலைத் துடைத்துக்கொண்டே.
தலையாட்டினாள்.
திங்கட்கிழமை கொட்டகைக்குப் போனாள்.

எனக்கு மூக்கில்தான் ஆரம்பித்தது.
வியாழன் கூண்டு மாற்றும் நாள்,
பழைய மரத்தூளைக் கொட்டும்போது.
ஜலதோஷம் என்று எல்லோரிடமும் சொன்னேன்,
என்னிடமும்.
பங்குனியில் ஒரு மாலை பஸ்ஸில்
பாலம் வருவதற்கு முன்
எங்கேயோ மெல்லிய விசில்.
பக்கத்து சீட்டுக்காரர் தன் போனை எடுத்துப் பார்த்தார்.
அவருடையது இல்லை.

மாத்திரையை ஐந்து நாள் நிறுத்திவிட்டு
எல்லோரும் போன பிறகு
இடது கையில் நானே குத்திக்கொண்டேன்.
உப்புநீர், ஒன்றுமில்லை.
ஹிஸ்டமின், ஐந்து. அது எல்லோருக்கும் வரும்.
மூன்றாவது துளி எலி.
பதினைந்து நிமிஷம் பொறுக்க வேண்டும்,
நான்கிலேயே அரித்தது.
ஏழு.

தோலுக்கடியில் எங்கேயோ
சாயம் ஊற்றாத கத்தரிப்பூக்கள்.
நான் எலிகளைப் பற்றி எழுதிய அத்தனை நாளும்
உள்ளேயும் ஒரு குறிப்பேடு
நடந்துகொண்டிருந்திருக்கிறது,
என்னுடையதைவிடத் திருத்தமாக,
ஒரு நாள் கூட விடாமல்.
எதற்கு எதிராக இவ்வளவு கவனம்?
ஒரு எலியின் மூத்திரத்தில் உலர்ந்த
துளிப் புரதம். அது யாரையும் கொல்லாது.
கொல்லும் என்று நம்புகிற செல்தான்
குழாயை இறுக்குகிறது.
இதைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன்.
எழுதியது தெரிந்தும்
அன்றிரவு தலையணை மூன்று வைத்து
உட்கார்ந்தபடி தூங்கினேன்.

அடுத்த சனி அஞ்சலாட்சியிடம் சொல்லிவிட்டேன்.
சொல்லியிருக்கக் கூடாதுதான்.
சட்டையைத் தூக்கிக் கையைக் காட்டினேன், தழும்பு மறைந்திருந்தது.
அவள் சிரித்தாள்,
சிரிப்பு இருமலாகி, இருமல் நீண்டு,
முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:
"அப்ப நீங்க எலிய வுட்ருவீங்களா?"

குழாய்க்குப் புது வாய்ச்செருகல் மாட்டி
அவள் பக்கம் திருப்பினேன்.
ஊதுங்க என்றேன்.

வியாழனுக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.
மரத்தூள் நாலு மூட்டை
சொல்லி வைத்திருக்கிறேன்.