ஒப்படைக்கப்பட்டது

ஔலு நகரில் அன்று பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தேழு.
வேனின் பின்பக்கம் பனிச்சறுக்குக் காலணி, ஒரு டயர்,
யாருடைய நாய்க்கோ நாற்பது கிலோ தீனி.
இந்தப் பெட்டி மட்டும் என் பக்கத்து இருக்கையில்
பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது.
‘உயிருள்ள மீன்கள், கவிழ்க்காதீர்’ என்று
மூன்று மொழிகளில் கெஞ்சியது.
ஒவ்வொரு பனிமேட்டிலும்
நாலாவது மொழியாக நான் கெட்ட வார்த்தை சொன்னேன்.

துயிரே கெம்ப்பாய்னென், மூன்றாம் மாடி.
மணி அடித்தேன். ஆள் இல்லை.
விதிப்படி சீட்டு ஒட்டிவிட்டுக் கிளம்பலாம்,
பெட்டி இரவைக் கிடங்கில் கழிக்கும்.
கிடங்கில் ஹீட்டர் இல்லை.
விதி எழுதியவர் அங்கே படுத்துப் பார்த்ததில்லை.

எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தேன்.
பெட்டிக்குள் சத்தமே இல்லை.
நாய்க்குட்டி என்றால் முனகும், கோழி என்றால் திட்டும்.
இவை பிராக்கிலிருந்து இரண்டு நாள்
இருட்டைக் குடித்துக்கொண்டே வந்தவை.

காகித ஆலையின் உடுப்போடு ஓடிவந்தாள்,
இமைமயிரில் உறைபனி.
“ஷிப்ட் மாற்ற ஆள் வரவில்லை.
என் கை நடுங்குகிறது, நீங்களே தூக்கிவாருங்கள்.”

கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி.
விளக்கு, மணல், செடி, குமிழிவிடும் வடிகட்டி.
உள்ளே யாரும் இல்லை.
ஆறு வாரமாக இப்படித்தானாம்.
குடிவராத வீட்டுக்கு வாசல் தெளிப்பதுபோல
தினமும் தண்ணீரைக் குழாயில் எடுத்து,
சொட்டு விட்டு, நிறம் பார்த்து,
நோட்டில் குறித்து.
மகன் கேட்டானாம், “அம்மா, வெறும் தண்ணியவா வளர்க்கிற?”
“ஆமாம்டா” என்றாளாம்.

தெர்மாகோலைப் பிரித்தாள்.
வெப்பப் பொட்டலம் ஆறிப்போன ரொட்டிபோல் இருந்தது.
பைக்குள் எட்டுக் குட்டிக் கெளுத்திகள்,
விரல்நுனி அளவு உடம்புக்கு
ஊர்ப் பெரியவர் மீசை.

முதலில் விளக்கை அணைத்தாள்.
பையைப் பிரிக்காமல் தொட்டியில் மிதக்கவிட்டாள்.
நான் கிளம்பியிருக்க வேண்டும்.
சட்டைப்பையில் கருவி கூவியது,
இன்னும் பதினொரு பெட்டி, இன்னும் பதினொரு பெட்டி.

இருபது நிமிடம் கழித்துப் பையின் வாயைத் திறந்து
தொட்டித் தண்ணீர் அரைக் குவளை ஊற்றினாள்.
பொறுத்தாள்.
இன்னொரு அரைக் குவளை.
மீன்குஞ்சுக்கு நீந்தச் சொல்லித்தர வேண்டாம் என்பார்கள்.
தண்ணீரைச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது,
அதுவும் எழுத்துக்கூட்டி.

பிறகு வலையில் அள்ளி ஒவ்வொன்றாக விட்டாள்.
பைத் தண்ணீரை மட்டும் சாக்கடைக்கு அனுப்பினாள்.
“இரண்டு நாள் பயந்து பெய்ததெல்லாம் இதில்தான்.”

ஏழு மணலுக்கு இறங்கி மீசையால் துழாவின.
எட்டாவது ஒரு கல்லோரம் ஒருக்களித்துக் கிடந்தது.
செவுள் அசைந்ததா,
ஜன்னல்வழி வந்த பனியின் நீலம் அசைந்ததா,
இருவரும் முழங்காலிட்டுப் பார்த்தோம்.

“இன்று தீனி கிடையாது” என்றாள்,
வேறு ஏதோ சொல்ல வந்தவள்போல.

கருவி கேட்டது: ஒப்படைக்கப்பட்டதா?
ஈர விரலால் கையெழுத்துப் போட்டாள்.
திரை அதை ஏற்கவில்லை.
துடைத்துவிட்டு மறுபடி போட்டாள்.

டயரைக் கொடுத்தேன். நாய்த்தீனியைக் கொடுத்தேன்,
நாய் என்னை அடையாளம் கண்டு குரைத்தது.
ஏழு மணிக்கு அந்தத் தெரு வழியாகத் திரும்பினேன்,
என் பாதை அதுவல்ல.
எல்லா ஜன்னலிலும் வெளிச்சம்.
மூன்றாம் மாடியில் மட்டும் ஒரு குடும்பம்
விளக்கைப் போடாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை அதே முகவரிக்கு
உள்ளங்கை அளவுப் பொட்டலம், மீன்தீனி.
எத்தனை மீனுக்கு என்று அட்டையில் எழுதியிருக்கவில்லை.
ஆள் இல்லை.
தபால் துவாரத்தின் மூடியைத் தூக்கினேன்.
உள்ளே இருட்டில்
வடிகட்டி பேசிக்கொண்டிருந்தது.
கையில் குளிர் ஏறும்வரை மூடியை விடவில்லை.