பிஹோல்டன்

நடைபாலத்தை ஓடை கொண்டுபோன மூன்றாம் நாள்,
கெண்டக்கியின் ஒரு மலைமடிப்பில்,
கூப்பிடாமலே வந்து நின்றான் வெர்லின் காடில்.
ட்ரக்கின் பின்னால் ஓக் பலகைகள்.
வாயில் நான்கு ஆணிகள்.

கதவைத் திறந்த ஆர்ஃபா ஸ்டிடம்
முதலில் கேட்டது: எவ்வளவு?
ஆணிகளைத் துப்பாமல் தலையசைத்தான்.
ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லையைத்தான்
அவளால் கொடுத்து மாளாது.

நான் யாருக்கும் பிஹோல்டன் ஆகமாட்டேன், என்றாள்
அவன் முதுகைப் பார்த்து.
முதுகு பலகையை அளந்துகொண்டிருந்தது.

கடமைப்பட்டவள் என்று சொல்லிவிடலாம் தமிழில்.
நமக்குக் கடனும் படுவதுதான்,
அடி படுவதுபோல, கண் படுவதுபோல.
அவர்கள் சொல்லுக்குள் இருப்பதோ ஒரு பிடி.
கொடுத்தவன் கையை எடுத்துக்கொண்டு போனபிறகும்
வாங்கியவள் முழங்கையில் விடாமல் இருக்கும்
ஐந்து விரல்.

திங்களன்று அவன் வாசற்படியில் ஆறு ஜாடி பீன்ஸ்.
வியாழனன்று ஜாடிகள் திரும்பின, கழுவித் துடைத்து,
ஒன்றில் மட்டும் தேன்.
தேனுக்கு அவன் கோட்டில் மூன்று பட்டன் தைத்தாள்.
பட்டனுக்கு ஒரு வண்டி விறகு.
விறகைப் பார்த்ததும்
ஞாயிறுதோறும் துதி பாடும் வாயால்
ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.

தீவனக் கடை காலண்டரின் பின்பக்கம்
நடுவில் ஒரு கோடு,
இடப்பக்கம் அவன், வலப்பக்கம் அவள்.
பாலம் என்று எழுதிய வரிக்கு எதிரே மட்டும்
பென்சில் அழித்து அழித்துத் தாள் நைந்திருந்தது.

ஜனவரியில் அவன் வரவில்லை.
பாலத்தைத் தாண்டிப் போனாள்.
முப்பது வருட நிலக்கரி நெஞ்சுக்குள் இருக்க
கட்டிலில் சாய்ந்திருந்தான்,
மூக்கில் பிளாஸ்டிக் குழாய்,
பக்கத்தில் சீறும் சிலிண்டர்.
சூப்பா? வேண்டாம். விறகு? இருக்கிறது.
கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:
குனிய முடியவில்லை, ஆர்ஃபா.
நகம் காலுறையைக் கிழிக்கிறது.

இதுவரை அவன் எதையும் கேட்டதில்லை.

வெந்நீரில் ஊறவைத்தாள்.
மடியில் துண்டு விரித்து
அந்தக் கனத்த பாதத்தைத் தூக்கி வைத்தாள்.
வலது பெருவிரல் நகம் கொம்புபோல் தடித்து,
தகரம் வெட்டும் கத்தரி தேவைப்பட்டது.
இருவரும் பேசவில்லை.
துண்டுகள் தெறித்து எங்கோ விழுந்தன.

திரும்பும்போது பாலம் உறைந்திருந்தது.
கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நடந்தாள்.

விளக்கைப் போட்டுக் காலண்டரைத் திருப்பினாள்.
கால் நகம், பத்து.
கொடுத்ததா, வாங்கியதா?
பென்சில் வெகுநேரம் நின்றது.
பிறகு
கோட்டின் மேலேயே எழுதினாள்.