முத்தூரில் கணக்கெடுப்பு

நாளைக்குத் தாராபுரத்தில் பரீட்சை.
அஞ்சல்வழி எம்.ஏ., நான்காம் தாள், இங்கிலாந்து வரலாறு.
இன்றைக்கு முத்தூரில் வேலை,
பட்டி பட்டியாய்ப் போய் ஆடு மாடு எண்ணுவது.

ஆயிரத்து அறுபத்தாறில் அரியணை யாருக்கு உரியது?
வருஷம் தவறாமல் வரும் கேள்வி.
பிள்ளையில்லாமல் செத்த ராசா,
கட்டிலருகே நின்ற மச்சினன்,
கடலுக்கு அக்கரையிலிருந்து
எனக்குச் சத்தியம் செய்து கொடுத்தான் என்றொருவன்.
சொத்துத் தகராறு என்று எழுதினால் மார்க் கிடையாது.

தோற்றவன் கண்ணில் அம்பு தைத்ததா?
துணியில் பின்னிய படத்தில்
இரண்டு பேர் சாகிறார்கள்.
இவர்களில் எவன் ராசா என்பது
ஊசி பிடித்தவளுக்கே வெளிச்சம்.

"ஏனுங்க, எதுக்கு எண்றீங்கொ?
வரி போடறதுக்குங்களா?"
கிடேரிக்குப் பின்னால் நின்று கேட்கிறார் ராக்கியப்பன்.
இல்லீங்க, தடுப்பூசிக்கு.
ஜெயித்தவன் இருபது வருஷம் கழித்து
ஏர்மாடும் பன்றியும் எண்ண அனுப்பிய ஆட்கள்
என்ன பொய் சொன்னார்களோ.
கிளுவை வேலிக்கு அந்தப்பக்கம்
கணக்கில் வராத நாலு குட்டி கத்துகிறது.
கேட்காதது போல
பேனாவை உதறினேன்.

மத்தியானம் பஸ் ஸ்டாண்டு எதிரில் சாப்பாடு.
கொறங்காட்டில் மேய்கிறவரை அது ஆடு.
கடைப்பலகையில் மட்டன்.
மேய்த்தவன் சொல் மந்தையோடு நின்றது,
தின்றவன் சொல்
கப்பலேறி, கைமாறி,
வெள்ளகோவில் ரோடு வரைக்கும் வந்துவிட்டது.

படையெடுப்பால் மொழியில் நேர்ந்த விளைவு யாது?
ஐந்து மார்க்.
நல்லியைத் தட்டிக்கொண்டே
இன்னொரு கரண்டி குழம்பு கேட்டேன்.