சொல்லாத பானை

உரலுக்கடியில் பழந்துணி மடித்துப் போட்டுக்
கொண்டைக்கடலை இடித்தாள் அர்கிரோ.
சுடுநீர் ஊற்றினாள்.
புருஷனின் கம்பளிக் கோட்டில் பானையைச் சுற்றி
அடுப்போரம் கிடத்தினாள்.
அவன் ஹாம்பர்க்கில்.
கோட்டு இங்கே, கிரீட்டின் மலையூரில்.

ஈஸ்ட் இல்லாத ரொட்டி இது.
வெளியே சொன்னால் நுரைக்காதாம்.
கேட்டால்கூடப் படுத்துவிடுமாம்.

கோழி கூவுமுன் கதவு தட்டல்.
ஸ்டமாட்டியா,
கையில் வெறுங்கிண்ணம்.
"ஒரு பிடி கொண்டைக்கடலை இருக்குமா?"
"இந்நேரத்துக்கா?"
"பையனுக்கு வயிற்றுவலி."
பையன் பட்டாளத்தில் இருக்கிறான்,
தை மாதத்திலிருந்து.

இரண்டு பிடியாகவே கொடுத்தாள்.
வீடெங்கும் பாலாடைக்கட்டி நாற்றம்.
இருவருக்கும் ஜலதோஷம் போல
மூக்கை உறிஞ்சிக்கொண்டார்கள்.

கதவைச் சாத்தித் திரும்பினால்
கோட்டு,
மார்புப் பக்கம்
லேசாக உயர்ந்திருந்தது.