மூலை

மைனஸ் நாலேகால்.
வலக்கண்ணுக்கு இன்னும் கொஞ்சம் கூட.
மன்னார்குடி கறீம் ஆப்டிகல்ஸில்
எழுத்துப் பலகையை நான் மனப்பாடமாய் ஒப்பிக்க,
ஒருநாள் அவர் பலகையையே மாற்றி மாட்டினார்.

கேமராவின் கண்துளைக்கு
மூக்குக்கண்ணாடி போட்டவர்களைப் பிடிக்காது.
அதன் ரப்பர் வளையத்துக்கும் என் விழிக்கும் நடுவே
ஒரு விரற்கடை இடைவெளி.
படத்தின் ஓரமெல்லாம்
அந்த விரற்கடைக்குள் விழுந்துவிடும்.

நடு நன்றாகத் தெரியும்.
தாலி ஏறும் கழுத்து, மொய்க்கவர் நீட்டும் கை,
ஐஸ்கிரீம் உருகிய பட்டுப்பாவாடை.
மூலைகளுக்குத்தான் பார்வை போய்ச் சேராது,
மேட்டூரில் திறந்துவிட்டது
இடும்பாவனம் தாண்டி
எங்கள் வாய்க்காலுக்கு வராததுபோல.

கீழே ஓடும் எண்களைப் படிக்க
மோவாயைத் தூக்க வேண்டும்.
இடப்பக்கத்துக்கு ஒரு சாய்ப்பு,
வலப்பக்கத்துக்கு ஒன்று.
"செங்கமலம் அக்கா கோழி மாதிரி
தண்ணி குடிக்குதுடா" என்று
பந்தியில் பிள்ளைகள் சிரிக்கும்.

கழற்றிவிட்டும் பார்த்தாயிற்று.
துளையின் ஓரம் ஒரு குட்டிச் சக்கரம்,
அவரவர் பார்வைக்குத் திருகிக்கொள்ள.
மைனஸ் மூன்றில் நின்றுவிடும்.
மிச்சம் ஒன்றேகால்
என் கணக்கில் பாக்கி.
கண்ணாடியைப் பல்லில் கடித்துக்கொண்டு
புடவை நிறத்தைப் பார்த்து
யார் யாருக்கோ வணக்கம் வைத்திருக்கிறேன்.
ஒரு மாமியார் இன்னும் பேசுவதில்லை.

போன ஆனியில், பத்தாம் தேதிவாக்கில்,
கோரையாற்றுக் கிளை வாய்க்கால் ஷட்டரில்
தண்ணீர் திறக்கும் படம்.
உதவிப் பொறியாளர், அவருக்கு மேல் ஒருவர்,
சங்கத்துத் துண்டுகள், ஒரு தாம்பாளம் நிறைய
செவ்வந்தியும் விதைநெல்லும்.
நான் எதிர்க்கரைப் படிக்கட்டில்.
வியர்வை புருவத்திலிருந்து இறங்கிக்
கண்ணாடிக்குள் ஆவி கட்டியது.
துப்பட்டா நுனியால் துடைத்தேன், மறுபடி கட்டியது.

"ஃப்ரேம்ல எல்லாரும் வராங்களாம்மா?"
"வராங்க சார்."
தொழிலில் சொல்கிற பொய்களில்
இது சின்னது.

"இன்னும் திறக்கல, சும்மா ஒண்ணு எடுங்க,
வெளிச்சம் பார்த்துக்குங்க" என்றார்.
எடுத்தேன்.
பிறகு நிறைய எடுத்தேன்:
சக்கரத்தில் கை வைத்து, பூத் தூவி,
கும்பிட்டு, மறுபடி கும்பிட்டு.

ராத்திரி கம்ப்யூட்டரில் பெரிதாக்கினேன்.
அந்தச் சும்மா எடுத்த படம்.
நடுவில் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.
துண்டைச் சரிசெய்கிறார் ஒருவர்.
தாம்பாளத்தில் பூ அப்படியே இருக்கிறது.
இடது கீழ் மூலையில்,
என் பார்வை போகாத இடத்தில்,
லஸ்கர் பக்கிரிசாமியின் முதுகு.
அவர் காலடியில்
துருப்பிடித்த ஷட்டரின் அடியிடுக்கு வழியே
வந்துவிட்டிருந்தது அது.
நுரை, ஒரு பச்சைச் செருப்பு, காய்ந்த ஆகாயத்தாமரை,
வெடித்த மண்ணை நக்கிக்கொண்டு
ஒரு முழம் தண்ணீர்.

அவர் ஒருவர்தான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
கூப்பிடவில்லை யாரையும்.

"நல்லாருக்கு" என்றார் பொறியாளர்.
"அந்த மூலைய மட்டும் வெட்டிடுங்க,
ஒரு ஆள் முதுகு காட்டறான்."
வெட்டிக் கொடுத்தேன், பன்னிரண்டுக்குப் பதினெட்டு,
சட்டத்தோடு எண்ணூறு ரூபாய்.

ஞாயிற்றுக்கிழமை பக்கிரிசாமி கடைக்கு வந்தார்.
வெட்டாத படத்தைத் திரையில் காட்டினேன்.
சட்டைப்பையிலிருந்து
நூல் கட்டிய கண்ணாடியை எடுத்து மாட்டி
திரைக்குக் கிட்டே போனார்.
தன் முதுகைப் பார்க்கவே இல்லை.

"எடுத்த மணி இதுல இருக்குமா?"

ஒன்பது நாற்பத்தொன்று.

"நோட்டுல பத்தேகாலுன்னு
எழுதச் சொன்னாங்க" என்றார்.
கண்ணாடியைக் கழற்றி
வேட்டியில் துடைத்தார்,
ரொம்ப நேரம்,
அதில் அழுக்கு எதுவும் இல்லாதபோதும்.