நூற்று நாற்பத்தோரு சதவீதம்

வண்ணார்பேட்டைப் பாலத்தடியில் என் ஜெராக்ஸ் கடை.
மூன்று கார்டுகளின் விளம்பரத் தாளை
மேசையில் வைத்துவிட்டுப் போனாள் ரெக்ஸ்லின்.
"திங்கக்கிழமைக்குள்ள ஒண்ணச் சொல்லிருங்க அண்ணாச்சி,
எனக்கு இந்த மாசம் இன்னும் நாலு ஆள் குறையுது."

எனக்கு ஒரு மெஷின் குறைகிறது.
இருப்பதில் எதை வைத்தாலும்
நடுவே ஒரு கறுப்புக் கோடு.
பட்டாவில் விழுந்தது, பிறப்புச் சான்றிதழில் விழுந்தது,
நேற்று ஒரு மணப்பெண்ணின் நெற்றியில் விழுந்து
அவள் அப்பா காசு தராமல் போனார்.
மதுரையில் ஓடித் தேய்ந்த ஒன்று
நாற்பதாயிரத்துக்கு வருமாம்.

முதல் கார்டு ஆயுள் முழுக்க இலவசம்.
யாருடைய ஆயுள் என்று போடவில்லை.
இரண்டாவதற்கு வருஷத்துக்கு ஐந்நூறு,
மளிகையில் நூற்றுக்கு ஐந்து திரும்பி வரும்.
மூன்றாவது, விமான நிலையத்தில்
சும்மா உட்காரவைத்துச் சாப்பாடு போடும்.
நான் இதுவரை ஏறிய உயரம்
மாஞ்சோலை பஸ்.
அதிலும் நின்றுகொண்டுதான்.

"ரெண்டாவத எடுங்க" என்றாள் போனில் உலகம்மாள்.
"மளிகைக்கே எட்டாயிரம் ஆவுது,
மாசம் நானூறு ரூவால்லா!"

நானூறுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.
அதைப் பிடித்துத் தாளின் அடிக்கு இறங்கினால்
எறும்பு வரிசை.

தாளைக் கண்ணாடியில் கவிழ்த்தேன்.
நூற்று நாற்பத்தோரு சதவீதம் என்று அழுத்தினேன்.
வந்ததை வெட்டி மறுபடி வைத்தேன்.
எறும்புகள் கட்டெறும்பாகி எழுத்தாயின:
மாதம் அதிகபட்சம் நூற்றைம்பது.
குறிப்பிட்ட கடைகளில் மட்டும்.
எங்கள் தெரு செய்யது கடை
அந்தக் குறிப்பில் இல்லை.

மறுபடி.
குறைந்தபட்சத் தொகை இரண்டாயிரம் செலுத்தினால் போதும்.
எதற்குப் போதும்?

மறுபடி.
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மூன்று, ஒரு ஐந்து,
நடுவிலிருந்த புள்ளியின் மேலேயே
என் மெஷினின் கோடு.
முப்பத்தைந்தோ என்று பதறி
அசல் தாளை வெயிலில் பிடித்துப் பார்த்தேன்.
மூன்றரைதான்.
மாதத்துக்கு.

மூன்றரை வட்டி!
தமிழில் சொன்னதும் சுருக்கென்றது.
மூணு வட்டிக்கு விடுகிற சொரிமுத்துவின்
பைக் சத்தம் கேட்டால்
தெருவில் டி.வி.யின் குரல் இறங்கும்.
இதற்கு பைக் இல்லை.
"அன்பான வாடிக்கையாளரே" என்று
சட்டைப் பையில் ஒருமுறை சிணுங்கும், அவ்வளவுதான்.

பொய் சொல்லக் கூடாது,
தேதிக்குள் முழுசாகக் கட்டினால்
ஐம்பது நாள் வரைக்கும் வட்டியே கிடையாது.
சொரிமுத்து ஐம்பது நிமிஷம் தரமாட்டான்.
அதையும் எழுதினேன், வீணான தாளின் முதுகில்:

நாற்பதாயிரத்துக்கு வட்டி ஆயிரத்து நானூறு,
வட்டிக்கு வரி இருநூற்றைம்பத்திரண்டு,
இரண்டாயிரம் கட்டினால்
அசலில் கழிவது முன்னூற்று நாற்பத்தெட்டு.

அசல்.
நாளுக்கு நூறு தடவை நான் சொல்கிற வார்த்தை.
அசல் கொண்டாந்தீங்களா,
அசல மறந்துராதீங்க.
பேனா நின்றுவிட்டது கொஞ்ச நேரம்.

திங்கள் வந்தாள் ரெக்ஸ்லின்.
"முதல் கார்டு போதும். புது மெஷின் வேண்டாம்,
டிரம் மட்டும் மாத்திக்கிடுதேன்.
நாலாயிரத்துச் சொச்சம்,
தேதிக்குள்ள கட்டிருவேன்."
"அதுக்குத்தான் எனக்கு கமிஷன் கம்மி அண்ணாச்சி"
என்று சிரிக்காமல் சொன்னாள்.
அவளுக்கு ஒரு டீ சொன்னேன்.

என் ஆதாரை நானே நகல் எடுத்தேன்.
மூக்கு வழியே கோடு.
தூக்கிப் பார்த்தாள். "பரவால்ல, ஆள் தெரியுது."
கீழே கையெழுத்துப் போட்டேன்.
அவள் ஸ்கூட்டி பாலத்து நிழலைத் தாண்டிப் போனது.

அடுத்து வந்தது ரேஷன் கார்டோடு ஒரு பையன்.
மூடியைத் திறந்தவன்
என்னைப் பார்த்தான்,
கண்ணாடியைப் பார்த்தான்:
"அண்ணாச்சி, உங்க அசல் இங்க கெடக்கு."